காற்று புகும் இடுக்கு

எஞ்சின் அலறுகிறது, படகு நகர மறுக்கிறது. ஆக்சிலரேட்டரைக் கூட்டக் கூட்டச் சுற்று வேகம்தான் ஏறுகிறதே தவிர, முதுகை இருக்கையோடு அழுத்த வேண்டிய உந்தலைக் காணோம். ஜெட் படகு, ஜெட் ஸ்கீ வைத்திருப்பவர்கள் சொல்லும் பழைய புகார் இது. சிறிய ஜெட் படகுகள் பெரும்பாலானவற்றில் கிளட்ச் கிடையாது. எஞ்சினிலிருந்து கிளம்பும் தண்டு நேராகப் போய்ப் பம்பின் இம்பெல்லரில் முடிகிறது. தண்டு சுற்றினால் இம்பெல்லர் சுற்றியே தீரவேண்டும். பிறகு நடுவில் வழுக்குவது எது?

வழுக்குவது தண்ணீர்தான். இம்பெல்லரின் இதழ்கள் தண்ணீரைப் பிடித்துத் தள்ள வேண்டிய இடத்தில் குமிழிகளை வெட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தக் குமிழிகள் வருவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்றுக்கு மருந்து ஒரு குழாய் சீலன்ட்; மற்றதற்கு அது மருந்தே இல்லை. பட்டறைகளில் இரண்டையும் ஒரே பெயரால் ‘கேவிடேஷன்’ என்று சொல்லிவிடுகிறார்கள். அதனால் படகுக்காரர்கள் வீணாக்கும் பணம் கொஞ்சநஞ்சமல்ல.

முதலில் இந்தப் பம்பு படகுக்குள் எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம். நியூசிலாந்தின் தென் தீவில் மெக்கன்சி மேட்டுநிலம் என்று ஒரு பகுதி. பனிமலைகளிலிருந்து உருகிவரும் ஆறுகள் அங்கே ஒற்றை ஓட்டமாக ஓடுவதில்லை. கூழாங்கல் படுகையில் பத்துக் கிளைகளாகப் பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்து ஓடும். பல இடங்களில் கணுக்கால் ஆழம்தான். அடியில் புரொப்பல்லர் தொங்கும் படகு அங்கே கால் மணி நேரம் தாங்காது. அந்த ஊரில் ஐரிஷ்மன் கிரீக் என்ற ஆட்டுப்பண்ணையை நடத்தியவர் பில் ஹாமில்டன். 1899-இல் பிறந்தவர். பண்ணைக்காரர் என்றாலும் கை எப்போதும் இயந்திரங்களில்தான். 1950-களின் தொடக்கத்தில், படகுக்குள்ளேயே ஒரு பம்பை வைத்து, அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும் முறையில் இறங்கினார்.

இந்த யோசனை அவருக்கு முன்பே பலருக்கு இருந்தது. கண்டுபிடித்த பெருமை தமக்கு வேண்டாம், ஆர்க்கிமிடீஸுக்கே போகட்டும் என்று வேடிக்கையாகச் சொல்வாராம். அவர் செய்த பெரிய திருத்தம் எளிமையானது. முன்னவர்களின் படகுகளில் தண்ணீர்ப் பீச்சு தண்ணீருக்கு அடியில் வெளியேறியது. அவர் அதை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, காற்றில் வெளியேறும்படி மாற்றினார். பீச்சு வெளியிலிருக்கும் தண்ணீரை உதைப்பதால் படகு நகரவில்லை. தண்ணீரைப் பின்னால் எறிவதன் எதிர்வினையே படகை நகர்த்துகிறது. அடியில் துருத்தி நிற்கும் குழாயை எடுத்துவிட்டதும் இழுவை குறைந்தது, வேகம் கூடியது. 1960-இல் ஹாமில்டன் ஜெட் பூட்டிய படகுகள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் சுழிகளையும் அருவி ஓட்டங்களையும் எதிர்த்து மேல்நோக்கி ஏறின. அதுவரை அந்தப் பள்ளத்தாக்கு முழுவதையும் படகில் கடப்பது என்றால் கீழ்நோக்கி வருவது மட்டும்தான். ஏறிய படகுகளை ஓட்டியவர்களில் அவர் மகன் ஜான் ஹாமில்டனும் ஒருவர். இந்தக் கொலராடோ ஆற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; இதே அத்தியாயத்தில் இன்னொரு வேலையாக அங்கே போக வேண்டியிருக்கிறது.

படகின் அடியில், பின்பக்கமாக, நீள்வட்டமான ஒரு வாய் இருக்கிறது. கல்லும் கயிறும் புகாமலிருக்க அதற்குக் கம்பி ஜல்லடை. வாயிலிருந்து சாய்வாக ஏறும் குழல் இம்பெல்லரிடம் போகிறது. இம்பெல்லருக்குப் பின்னால் அசையாத இதழ்கள். அவை தண்ணீரின் சுழற்சியை நிமிர்த்துகின்றன. கடைசியில் குறுகலான மூக்கு. மூக்கைத் திருப்பினால் படகு திரும்பும். இந்தப் பாதை முழுவதிலும் அழுத்தம் ஒரே மாதிரி இருப்பதில்லை. இம்பெல்லருக்குப் பின்னால் அழுத்தம் அதிகம். அங்கே ஒரு விரிசல் இருந்தால் தண்ணீர் வெளியே சீறும், கண்ணுக்குத் தெரியும். இம்பெல்லருக்கு முன்னால் கதை வேறு. அது உறிஞ்சும் பக்கம்.

உறிஞ்சுவது என்று நாம் சொன்னாலும், பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. தன் முன்னால் அழுத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். தண்ணீரை உள்ளே தள்ளும் வேலையை வளிமண்டலம் செய்கிறது. கடல்மட்டத்தில் அதன் அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல், அதாவது 10.3 மீட்டர் உயரத் தண்ணீரின் எடைக்குச் சமம். கையிருப்பு அவ்வளவே. நிற்கும் படகில் முழு வேகத்தில் எஞ்சினை முடுக்கினால், அசையாமல் கிடந்த தண்ணீர் குழலுக்குள் வேகமெடுக்க வேண்டும். வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்பது பெர்னூலி விதி. கணக்குப் போட்டுப் பார்த்தால், தண்ணீர் வினாடிக்குச் சுமார் 14 மீட்டர் வேகத்தை எட்டும்போது வளிமண்டலம் கொடுத்த இருப்பு முழுவதும் செலவாகிவிடுகிறது. 14 மீட்டர் என்பது மணிக்கு 50 கிலோமீட்டர். இம்பெல்லரின் இதழ் முனைக்கு அது சர்வசாதாரணம்.

அழுத்தம் பூஜ்யம் வரை இறங்கக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. 20 டிகிரி வெப்பத்தில் இருக்கும் தண்ணீர், அழுத்தம் 2.3 கிலோபாஸ்கலுக்குக் கீழே போனாலே கொதிக்கத் தொடங்கிவிடும். 30 டிகிரி என்றால் 4.2. அடுப்பு வேண்டாம், சூடு வேண்டாம். ஆற்றுத் தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தபடியே இதழின் முதுகில் கொதிக்கிறது. இதுதான் உண்மையான கேவிடேஷன். குமிழிக்குள் இருப்பது தண்ணீரின் சொந்த ஆவி.

இந்தப் பேயை முதலில் எதிர்கொண்டவர்கள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கப்பல் கட்டியவர்கள். சார்லஸ் பார்சன்ஸ் 1894-இல் ‘டர்பினியா’ என்ற கப்பலில் தம் நீராவி டர்பைனைப் பொருத்தினார். டர்பைன் பிரமாதமாகச் சுற்றியது, கப்பல் எதிர்பார்த்த வேகத்தில் போகவில்லை. புரொப்பல்லர் அதிவேகத்தில் குமிழிகளுக்குள் சுற்றுகிறது என்று சந்தேகித்து, 1895-இல் தண்ணீர் சுற்றிவரும் ஒரு சிறு பெட்டியைச் செய்து, விட்டு விட்டு மின்னும் வெளிச்சத்தில் சுற்றும் புரொப்பல்லரைப் பார்த்தார். உலகின் முதல் கேவிடேஷன் சோதனைக் குழல் அது. பிறகு ஒரே தண்டுக்குப் பதில் மூன்று தண்டுகள், தண்டுக்கு மூன்று புரொப்பல்லர் என்று சுமையைப் பிரித்துப் போட்டார். 1897-இல் ஸ்பிட்ஹெட் கடற்படை அணிவகுப்பில் டர்பினியா 34 நாட் வேகத்தில் ஓடி, துரத்தி வந்த கடற்படைப் படகுகளைத் திணறடித்தது.

ஆவிக் குமிழியின் கெட்ட குணம் அது பிறப்பதில் இல்லை. அழுத்தம் கூடிய இடத்துக்குப் போனதும் உள்ளே இருக்கும் ஆவி மறுபடி தண்ணீராகிவிடுகிறது. தாங்கிப் பிடிக்க உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. சுற்றியுள்ள தண்ணீர் நாலா பக்கத்திலிருந்தும் நடுவில் வந்து மோதுகிறது. அப்போது எழும் அழுத்தத்தை 1917-இல் ராலே பிரபு கணக்கிட்டுக் காட்டினார். உலோகத்தின் அருகில் குமிழி ஒடுங்கினால், வினாடிக்கு நூறு மீட்டர் அளவில் பாயும் நூலிழைப் பீச்சு ஒன்று உலோகத்தைக் குத்தும். அந்த ஒரு குத்தில் அழுத்தம் ஆயிரம் வளிமண்டலத்தைத் தாண்டும். குத்து சிறியது, எண்ணிக்கை கோடிக்கணக்கில். துருப்பிடிக்காத எஃகு இதழிலும் அம்மைத் தழும்பு போல் குழி விழுவது இதனால்தான்.

இரண்டாவது வகைக் குமிழிக்கு இவ்வளவு இயற்பியல் தேவையில்லை. அது வெறும் காற்று. வெளியிலிருந்து உள்ளே வந்தது.

நம் ஊர்க் கிணற்று மோட்டாரோடு பழகியவர்களுக்கு இது புரியவைக்க வேண்டிய விஷயமே அல்ல. சக்ஷன் பைப்பின் ஜாயின்டில் மயிரிழை விரிசல் இருந்தால் போதும், மோட்டார் ‘காத்து வாங்கும்’. விரிசலிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே வராது. ஆகவே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், வாய்க்காலில் தண்ணீர் விழாது. விவசாயி ஜாயின்டில் சணலைச் சுற்றி, கிரீஸ் அப்பி, ஃபுட் வால்வு கசிந்தால் சாணியைக் கரைத்து ஊற்றி ஓட்டுவார். ஜெட் படகின் உறிஞ்சுவாயைச் சுற்றிச் சீலன்ட் பூசுவது அச்சு அசலாக அதே வேலைதான்.

ஜெட் படகில் இந்தக் கோளாறு இன்னும் தந்திரமானது. பம்பு, படகின் பின்பக்க அடியில் ஒரு குடைவுக்குள் உட்கார்ந்திருக்கிறது. படகு நிற்கும்போது அந்தக் குடைவு முழுவதும் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும். பம்புக்கும் படகின் உடலுக்கும் இடையே இடுக்கு இருந்தாலும், அதன் வழியே உள்ளே வருவது தண்ணீர்தான்; ஒன்றும் கெட்டுப்போவதில்லை. படகு வேகமெடுத்து மூக்கைத் தூக்கி, நீர்மேல் சறுக்கத் தொடங்கும் நேரத்தில் குடைவிலிருந்து தண்ணீர் வடிந்துவிடுகிறது. இடுக்குக்கு வெளியே இப்போது காற்று நிற்கிறது. உள்ளே பம்பு அழுத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறது. அப்புறம் கேட்பானேன்.

உள்ளே புகுந்த காற்று அப்படியே இருப்பதும் இல்லை. அழுத்தம் பாதியானால் குமிழியின் கொள்ளளவு இரு மடங்காகிறது. ஆக, இடுக்கில் சிறிதாக நுழைந்தது இம்பெல்லரின் வாயில் பெரிதாகிவிடுகிறது. காற்றின் அடர்த்தி தண்ணீரில் எண்ணூறில் ஒரு பங்குதான். அதை எவ்வளவு வேகமாகப் பின்னால் எறிந்தாலும் உந்தல் என்று சொல்லும்படி ஒன்றும் கிடைக்காது. சாதாரணப் பம்புகளிலேயே கொள்ளளவில் சில சதவீதக் காற்று கலந்தால் போதும், செயல்திறன் சரியத் தொடங்கும்.

காற்று எங்கே புகும்? முதல் சந்தேகம், பம்பின் வாய் படகின் குழலோடு சேரும் வளையத்தின் மேல். அங்கே நியோப்ரீன் நுரை வளையம் ஒன்று இருக்கும். வருடங்கள் போகப் போக அது நசுங்கிச் செத்துவிடும். அடுத்தது, குழலின் கீழ்ப்பகுதியாக அமையும் உலோக அல்லது பிளாஸ்டிக் துண்டு. அது படகின் ஃபைபர் உடலோடு போல்ட்டாலும் சீலன்டாலும் ஒட்டப்பட்டிருக்கும். உலோகமும் ஃபைபரும் வெயிலில் ஒரே அளவு விரிவதில்லை. அந்த இழுபறியில் ஒட்டு விட்டுப்போகும். பிறகு ஜல்லடையின் ஓரங்கள், பம்பை அடியிலிருந்து மூடும் தகட்டின் விளிம்பு.

கடைசிச் சந்தேகம் கொஞ்சம் சுவாரசியமானது: எஞ்சின் அறையிலிருந்து தண்டு குழலுக்குள் நுழையும் இடத்திலுள்ள சீல். பெரும்பாலும் ஒரு கார்பன் வளையம் எஃகு வளையத்தின் மேல் உரசிக்கொண்டிருக்கும். அது தேய்ந்துவிட்டால் ஒரே ஓட்டை இரண்டு வேஷம் போடும். படகு நிற்கும்போது வெளித் தண்ணீரின் அழுத்தம் அதிகம். தண்ணீர் எஞ்சின் அறைக்குள் கசியும். கிளம்பும்போது குழலுக்குள் அழுத்தம் குறைவு. எஞ்சின் அறையின் காற்று குழலுக்குள் போகும். ‘உள்ளே தண்ணீர் தேங்குது, அது போக பிக்கப்பும் இல்லை’ என்று இரண்டு புகாரோடு வரும் படகில் பெரும்பாலும் கோளாறு ஒன்றுதான்.

வேலையைச் செய்யும் விதம் எளிது, பொறுமைதான் வேண்டும். படகை டிரெய்லரில் ஏற்றி, பம்பையும் ஜல்லடையையும் கழற்றி, இருட்டிய பிறகு குழலுக்குள் டார்ச்சை வைத்து வெளியிலிருந்து பாருங்கள். வெளிச்சம் தெரியும் இடுக்கெல்லாம் காற்றின் வாசல். பழைய சீலன்டின் மேலேயே புதியதைப் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள், அது ஒட்டாது. பழையதைச் சுரண்டி எடுத்து, அசிடோன் நனைத்த துணியால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் பூச வேண்டும். கடைக்காரர் கொடுக்கும் முதல் குழாயை வாங்கிவிடாதீர்கள். புளிக்காடி வாசம் அடிக்கும் சாதாரணச் சிலிக்கான், இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. பித்தளை, செம்பு போன்ற உலோகங்களை அது அரிக்கும். அந்த வாசம் இல்லாத வகை நல்லது. படகு வேலைக்கென்றே வரும் பாலியூரிதேன் இன்னும் உறுதியானது, ஆனால் அடுத்த முறை பம்பைக் கழற்ற நேர்ந்தால் உங்களைக் கதறவிடும். கழற்றி மாட்ட வேண்டிய இடத்துக்குச் சிலிக்கான், நிரந்தரமான ஒட்டுக்குப் பாலியூரிதேன் என்று பிரித்துக்கொள்வதே புத்திசாலித்தனம். பாலியூரிதேன் காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும். மேலே தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உள்ளேயும் காய்ந்துவிட்டது என்று நம்பிப் படகைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.

ஒரு தவறை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். போல்ட்டை இறுக்கும்போது பிதுங்கும் சீலன்ட் குழலின் உட்பக்கம் ஒரு வரப்பாக நிற்கும். ஈரமாக இருக்கும்போதே விரலால் வழித்து, தடவினால் தெரியாத அளவுக்குச் சமமாக்கிவிட வேண்டும். விட்டுவிட்டால், வேகமாக வரும் தண்ணீர் அந்த வரப்பைத் தாண்டும்போது அதன் பின்னால் அழுத்தம் சட்டென்று விழும். காற்றை அடைக்கப் போய் ஆவிக் குமிழியை வரவழைத்ததாக முடியும்.

இரண்டு மில்லிமீட்டர் மேடு என்ன செய்துவிடும் என்று நினைப்பவர்கள் மறுபடி கொலராடோ ஆற்றுக்கு வர வேண்டும். கிராண்ட் கேன்யனுக்கு மேலே கிளென் கேன்யன் அணை இருக்கிறது. 1983 கோடையில் எதிர்பாராத வெள்ளம் வந்து, அணையின் உபரிநீர்ச் சுரங்கங்களைத் திறக்க வேண்டியதாயிற்று. சுரங்கத்தின் கான்கிரீட் பரப்பில் சுண்ணப் படிவு போன்ற சிறு சிறு மேடுகள் இருந்தன. வினாடிக்கு 30 மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் பாய்ந்த தண்ணீர் அவற்றின் பின்னால் குமிழி விட்டது. குமிழி கான்கிரீட்டைக் குத்தியது. குத்திய குழி இன்னும் பெரிய குமிழிகளைக் கிளப்பியது. இடது சுரங்கத்திலிருந்து கான்கிரீட் துண்டுகளும் செம்மணற்பாறையும் வெளியே பறந்தன. தண்ணீரை நிறுத்திவிட்டு உள்ளே போய்ப் பார்த்தபோது, கான்கிரீட்டைத் துளைத்துப் பாறைக்குள் சுமார் 10 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது.

அதைப் பொறியாளர்கள் சரிசெய்த விதம் படகுக்காரர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். சுரங்கத்தில் குறுக்கே காடி வெட்டி, ஓடும் தண்ணீருக்குள் வேண்டுமென்றே காற்றைப் புகவிட்டார்கள். தண்ணீரில் சில சதவீதம் காற்று கலந்திருந்தால் ஆவிக் குமிழி ஒடுங்கும் வேகம் தணிந்து, குத்து மழுங்கிவிடுகிறது. அணையில் யாரும் உந்தல் கேட்பதில்லை. கான்கிரீட் பிழைத்தால் போதும். படகில் அந்தக் காற்றுக்கு விலை உந்தலாகவே கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதிலேயே ஒரு துப்பும் கிடைக்கிறது. பம்பைக் கழற்றி இம்பெல்லரைக் கையில் எடுத்துப் பாருங்கள். இதழின் பரப்பில் பொடிப்பொடியாகக் குழி விழுந்து சொரசொரப்பாக இருந்தால் நடந்தது ஆவிக் குமிழி. இதழ் வழவழப்பாக, பளிச்சென்று இருந்தும் படகு வழுக்குகிறது என்றால் முதலில் காற்றைத் தேடுங்கள். காற்று உலோகத்தில் தழும்பு வைப்பதில்லை.

சீலன்டால் தீராத வியாதிகளும் உண்டு. இம்பெல்லரைச் சுற்றியிருக்கும் தேய்மான வளையத்துக்கும் இதழ் முனைக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்க வேண்டும். அது அகன்றுவிட்டால் பின்பக்க அழுத்தத் தண்ணீர் முன்பக்கமே திரும்பிவரும். பம்பு தன்னையே சுற்றிச் சுற்றிக் குடித்துக்கொண்டிருக்கும். மணலுக்கு இந்த வளையத்தின் மேல் தனிப் பிரியம். 1977-இல் எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹில்லரி மூன்று ஜெட் படகுகளோடு கங்காசாகரிலிருந்து கிளம்பி, வங்காளம், பீகார், உத்தரப் பிரதேசம் என்று கங்கையை எதிர்த்தே ஏறி, இமயமலையில் நந்தப்பிரயாகைக்கு அருகே ஓர் அருவி வழிமறிக்கும் வரை போனார். ஓட்டியவர்களில் ஒருவராக ஜான் ஹாமில்டன் அங்கேயும் இருந்தார். வண்டலும் மணலும் கலந்த அப்படிப்பட்ட தண்ணீரில் ஓடும் எந்தப் படகுக்கும் தேய்மான வளையம் என்பது அவ்வப்போது மாற்ற வேண்டிய பொருள். அதைச் சீலன்ட் காப்பாற்றாது. கல் பட்டு மடங்கிய இதழ் விளிம்பு, ஜல்லடையில் சுற்றிக்கொண்ட பிளாஸ்டிக் பை, எஞ்சினின் சக்திக்குப் பொருந்தாத இதழ்ச் சாய்வு, இவையும் அப்படியே.

ஆனாலும் வரிசை முக்கியம். எஞ்சின் அலறிப் படகு நகராவிட்டால், பலர் முதலில் செய்வது விலை உயர்ந்த புது இம்பெல்லருக்கு ஆர்டர் கொடுப்பது. அது வந்து, மாட்டி, மறுபடி வழுக்கும்போதுதான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். முதலில் ஜல்லடையில் குப்பை இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து டார்ச்சை வைத்து இடுக்கைத் தேடுங்கள், தண்டின் சீலைப் பாருங்கள். அதன்பின் தேய்மான வளையத்தின் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் இம்பெல்லருக்குப் பணத்தை எடுங்கள்.